வீட்டு சர்வர் அலுவலகத்தில் திறக்காதது பற்றி

வணக்கம். சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் வைத்த சர்வர் கைபேசி டேட்டாவில் திறக்கிறது, அலுவலக வைஃபையில் திறக்கவில்லை, முகவரி ஐபிவி6 (இணைய முகவரியின் புதிய வகை) மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அலுவலகம் இன்னும் பழைய வகையான ஐபிவி4-இலேயே இருக்கிறது போல. பாவம், ரௌட்டரைத் திட்டாதீர்கள்.

ஐபிவி6-இன் முதல் வரையறை வந்தது 1995 டிசம்பரில். அதே ஆண்டு செப்டம்பரில்தான் இங்கே சிங்கப்பூரில் அஞ்சல் குறியீடு 4 இலக்கத்திலிருந்து 6 ஆனது. அது ஒரே நாடு, ஒரே அறிவிப்பு. இணையத்துக்கு உத்தரவு போட ஆளில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ஐபிவி4 மட்டும் தெரிந்த கருவியால் ஐபிவி6 கருவியுடன் நேரடியாகப் பேச முடியாது. அதனால் மாறுகிறவர் இரண்டையும் கட்டி மேய்க்க வேண்டும். செலவு இன்றைக்கு, பலன் மற்றவர்களும் மாறிய பிறகு. நடுவில் நேட் என்ற நுட்பம் வந்து ஒரே முகவரியை வீடு முழுக்கப் பகிர வைத்தது. அவசரம் போயே போச்சு. எங்கள் ஆபீஸிலும் இதே கதைதான்.

சரி, ரௌட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவதில் தொடங்கினால், உங்கள் இணையச் சேவை நிறுவனம் ஒரே ஐபிவி4 முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது. ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வாசல்) திறந்தும் பயனில்லை. பகிராத பொது ஐபிவி4 முகவரியை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால், இரண்டு முகவரியும் உள்ள சிறிய கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுத்து, அதன் வழியாக வீட்டுக்குத் திருப்பி விடுங்கள்.