கணப்படுப்பைச் சுற்றி டிரைவால் அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு வரவேற்பறையில் எரிவாயுக் கணப்படுப்பு ஒன்றைப் பொருத்தவிருக்கிறோம். அதைச் சுற்றிச் சட்டம் எழுப்பி, டிரைவால் (தாள் ஒட்டிய ஜிப்சம் சுவர்ப்பலகை) அடித்து, வண்ணம் பூசும் வேலையை நானே செய்ய விரும்புகிறேன். டிரைவால் தீப்பிடிக்காது என்கிறார்களே, அடுப்பின் விளிம்புவரை அதையே அடிக்கலாமா? இணைப்புகளில் பிற்பாடு வெடிப்பு விழாமலிருக்க என்ன வழி?
- வாசகர் ஒருவர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: விளிம்புவரை அடிக்க வேண்டாம். டிரைவாலுக்குள் இருக்கும் ஜிப்சம் எரியாது என்பது உண்மைதான். அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, வேதிப் பிணைப்பில் உள்ள நீர் என்பதால், தீ விபத்து நேரும்போது அந்நீர் ஆவியாகிச் சுவரைச் சிறிது நேரம் காக்கிறது. ஆனால் என்றோ ஒருநாள் நேரும் தீயைத் தாங்குவது வேறு, குளிர்காலம் முழுவதும் மாலைதோறும் சூடேறுவது வேறு. 52 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தொடர்ந்து பட்டால் ஜிப்சம் தன் நீரை மெல்ல இழந்து பொடியத் தொடங்கும். அதன்மேல் ஒட்டியுள்ள தாளோ எரியக்கூடியது.

எனவே பலகை வாங்கப் போகும் முன் அடுப்புடன் வரும் பொருத்துதல் கையேட்டைப் படியுங்கள். அடுப்பைச் சுற்றி எத்தனை அங்குலம்வரை எரியாப் பொருள் மட்டுமே இருக்க வேண்டும், மேலே மரத் தட்டு வைப்பதானால் எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்ற அளவுகள் மாடலுக்கு மாடல் மாறும்; பக்கத்து வீட்டு அளவு உங்களுக்குப் பொருந்தாது. கையேடு எரியாப் பொருள் கேட்கும் பகுதியில் உலோகச் சட்டமும் சிமென்ட் போர்டும், அதற்கு அப்பால் டிரைவாலும் அடியுங்கள். எரிவாயு இணைப்பை மட்டும் உரிமம் பெற்ற தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள்.

வெடிப்பு பெரும்பாலும் சிமென்ட் போர்டும் டிரைவாலும் சந்திக்கும் கோட்டில்தான் விழும். மரச் சட்டம் சூட்டில் உலர்ந்து சுருங்குவது அதற்கொரு காரணம்; உலோகச் சட்டத்தில் அந்தச் சுருக்கம் இல்லை. அந்தக் கோட்டில் கண்ணாடியிழை வலை நாடாவை ஒட்டி, வாளியில் வரும் ஆயத்தப் பூச்சுக்குப் பதிலாக, நீரில் கலந்தால் தானே இறுகும் பொடிவகைப் பூச்சை முதல் அடுக்காக இடுங்கள். அது கூடுதல் உறுதியுடையது, சுருங்குவதும் குறைவு. அடுப்பின் உலோக விளிம்பை ஒட்டிப் பூச்சை நிரப்பாதீர்கள். சூட்டில் உலோகம் விரியும்போது அந்தப் பூச்சு நிச்சயம் வெடிக்கும்.

அடுத்த இரு அடுக்குகளையும் மெல்லியதாக, ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட அகலமாக இழுத்து, ஏறத்தாழ 12 அங்குல அகலத்தில் முடியுங்கள். அவசரப்பட்டு ஒரே தடவையில் கனமாக அப்புவதே வீட்டு வேலையில் நான் அதிகம் காணும் தவறு. ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். அவற்றை மட்டும் 150 எண் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். தேய்க்கும்போது என்95 முகக்கவசம் அவசியம். அதன்பின் பிரைமர், பிறகு வண்ணம்.

பூச்சைச் சீக்கிரம் உலர்த்துவதற்காக அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். பூச்சும் வண்ணமும் தாமாக முழுவதும் உலர்ந்த பிறகே முதன்முதலாக எரியவிடுங்கள். அப்போது புதிய அடுப்பின் பூச்சிலிருந்து நெடி கிளம்பும் என்பதால் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.