தம்பிக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலில் புண் வரும் நோய்) என்கிறார்கள். ஆயுள் முழுக்க மாத்திரையா? மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் விட வேண்டுமா? சவுதிக்குப் போகலாமா?

குழித்துறையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கும் கேள்வி இது. தம்பிக்கு 26 வயது. மூலம் என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில்தான் விஷயம் தெரிந்திருக்கிறது. விசாவும் கையில் வந்துவிட்டதாம்.

எனக்கும் இதே நோய்தான். தக்கலை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. வருஷக்கணக்காக இதோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மருந்தளவு எதுவும் சொல்ல மாட்டேன்.

மூலம் என்று நினைத்ததில் ஆச்சரியமே இல்லை. நம்மூரில் ரத்தம் போனால் மூலம், சளியோடு போனால் சீதபேதி, அவ்வளவுதான் கணக்கு. இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி பெருங்குடல் மீதே பாய்ந்து, உள்தோலைப் புண்ணாக்கிவிடுகிறது. ஆசனவாயை ஒட்டித் தொடங்கி இடைவெளி இல்லாமல் மேலே ஏறும். இதன் பங்காளிதான் க்ரோன்ஸ் நோய். அது வாய் தொடங்கி ஆசனவாய் வரை எங்கும் வரும், விட்டுவிட்டு வரும், குடல் சுவரை ஆழமாகவும் துளைக்கும். நம் நாட்டில் அதைக் குடல் காசநோயிலிருந்து பிரித்துச் சொல்வதே டாக்டர்களுக்குப் பெரும்பாடு. தம்பியின் பயாப்ஸி (குடலில் துணுக்கு எடுத்துப் பார்த்த பரிசோதனை) ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள், எங்கே போனாலும் கேட்பார்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், நீண்ட காலத்துக்குத்தான். ரத்தம் நின்று, வயிறு சரியாகி, ஆள் சதை போட்டதும் "இனி எதுக்கு மருந்து?" என்று வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அப்போதுதான் மருந்து ரொம்ப முக்கியம். மெசலமின் போன்றவை நோயை அடக்கியே வைப்பதற்கானவை. நிறுத்தினால் நோய் திரும்பிவரும் வாய்ப்பு கூடும். ஸ்டீராய்டு அப்படி அல்ல. சீக்கிரம் கேட்கும், ஆனால் வருஷக்கணக்கில் போடும் மருந்து இல்லை. எலும்பு, சர்க்கரை எல்லாவற்றிலும் கை வைக்கும். அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாத்தியோபிரின் எழுதினால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சிலருக்கு வெள்ளணுக்கள் மளமளவென்று இறங்கிவிடும்.

எனிமா (ஆசனவாய் வழியாக ஏற்றும் மருந்து) கொடுத்திருந்தால் தம்பி வெட்கப்பட்டு அலமாரியில் ஒளித்து வைப்பான். புண் கீழ்ப்பகுதியில் இருந்தால் மாத்திரையைவிட அதுதான் நேராகப் போய்ச் சேரும். ராத்திரி வெளிக்குப் போய் வந்தபிறகு, இடப்பக்கம் சாய்ந்து படுத்து, வலது முழங்காலை மடக்கி, நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவி மெதுவாக ஏற்ற வேண்டும். கீழே ஒரு பழைய சாரத்தை (லுங்கி) விரித்துக்கொள்ளலாம். முதல் சில நாள் உள்ளே தங்காது, அப்புறம் பழகிவிடும்.

தலைவலி, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வேண்டாம். நோயைக் கிளப்பிவிடலாம். எதில் என்ன இருக்கிறதென்றே தெரியாத லேகியமும் அப்படித்தான். வைத்தியரிடம் போவது உங்கள் இஷ்டம், ஆனால் குடல் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சாப்பாடு. மரச்சீனியால் இந்த நோய் வரவில்லை, மரச்சீனியை விட்டதால் போகப்போவதும் இல்லை. ரத்தம் போகும் நாட்களில் நார் குறைவாக, குழைந்த பச்சரிசிக் கஞ்சி, அவித்த ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்), முட்டை, முள் எடுத்த மீன் என்று இருக்கட்டும். அடங்கினபிறகு மரச்சீனியை நன்றாக அவித்து, நடுவில் ஓடும் நரம்பை உருவிப்போட்டுக் கொடுங்கள். சாளை (மத்தி மீன்) கறியும் ஊற்றலாம், காரம் மட்டும் குறைத்து. பயறு, சக்கை (பலாப்பழம்) எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கட்டும். பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அவனுக்கு ஒத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் விலக்கி ஆளை ஒட்டிப்போக வைப்பதுதான் பெரிய கெடுதல். ரத்தம் போய்க்கொண்டிருந்தால் இரும்புச்சத்து இறங்கியிருக்கும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியே போவதுதான் இந்த நோயில் நிஜமான கஷ்டம். திருவனந்தபுரத்தில் டாக்டரைப் பார்க்க நான் பஸ்ஸில் போவதில்லை. இரணியலில் ரயில் ஏறினால் கழிப்பறை கூடவே வருகிறது. பையில் ஒரு மாற்று உடை எப்போதும் உண்டு.

சரி, சவுதி. இப்போதே கிளம்ப வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ரத்தம் நிற்கட்டும், ஸ்டீராய்டு முடியட்டும், மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பார்க்கட்டும். ஒரு சின்ன டப்பாவில் கொடுக்கும் பரிசோதனைதான். 50க்குக் கீழே இருந்தால் நல்லது, 250க்கு மேல் என்றால் உள்ளே அழற்சி இன்னும் அடங்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அது இறங்கினபிறகு டாக்டர் சம்மதித்தால் போகட்டும். வேலை வெயிலிலா, பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா, அங்கே இன்சூரன்ஸ் இந்த நோய்க்குச் செல்லுமா என்று ஏஜென்ட்டிடம் இப்போதே கேளுங்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்க வேண்டும்.

ஒருநாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ சேர்ந்தால், ஊரிலானாலும் அங்கேயானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பேதி நிற்க மாத்திரை போட்டுக்கொண்டு அறையில் படுத்திருக்கக் கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.