ஒலி மேடை: கிட்டார் கம்பெனி பெயரில் ரெக்கார்ட் பிளேயர்

கே: ஃபெண்டர் என்ற கிட்டார் கம்பெனியின் பெயரில் ஒரு ரெக்கார்ட் பிளேயர் பார்த்தேன். விலை 3,495 டாலர் போட்டிருக்கிறது. பேஸ் கிட்டார் வாசிக்கும் என் மகன், "வாத்தியம் செய்கிறவனுக்குத்தாம்பா ஒலி தெரியும், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்கிறான். வாங்கலாமா?
- வாசகர், கோவை

ப: வாங்கலாம் சார், கண்ணைத் திறந்துகொண்டு.

நீங்கள் பார்த்தது 'பிரிசிஷன்டெக்'. 2022-இல் வந்தது, மொத்தம் 1,000 மட்டுமே என்று அறிவித்தார்கள். செய்தது ஃபெண்டர் அல்ல. அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கும் மோஃபை எலக்ட்ரானிக்ஸ். அவர்களிடம் ஏற்கெனவே 'அல்ட்ராடெக்' என்று ஒரு நல்ல டர்ன்டேபிள் (ரெக்கார்ட் பிளேயர்தான்) இருந்தது. ஆலன் பெர்கின்ஸ் என்ற கைதேர்ந்த வடிவமைப்பாளரின் வேலை அது. ரெக்கார்டைச் சுமந்து சுழலும் அதே தட்டு, அதே மோட்டார், அதே 10 அங்குல முள் தாங்கும் கை. அடிப்பலகையை மட்டும் மாற்றினார்கள். அலுமினியமும் எம்டிஎஃப்பும் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) இருந்த இடத்தில், ஃபெண்டர் கிட்டார்களுக்குப் பயன்படும் ஸ்வாம்ப் ஆஷ் மரம் வந்தது. அதன் மேல் நடுவில் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு என்று கிட்டாரில் பார்க்கிற அதே சன்பர்ஸ்ட் பூச்சு. பெயரும் 1951-இல் ஃபெண்டர் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' கிட்டாரிலிருந்து வந்ததுதான். உங்கள் மகன் ஏன் மயங்கினார் என்று புரிகிறது.

இப்போது அவருடைய வாதத்துக்கு வருவோம். வாத்தியம் செய்கிறவருக்கு ஒலி தெரியும், சரி. ஆனால் வாத்தியத்துக்கும் ரெக்கார்ட் பிளேயருக்கும் மரத்திடம் இருக்கும் எதிர்பார்ப்பு நேர் எதிர். தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் தேடுகிறவர் தட்டிப் பார்த்து நாதம் கேட்கிறார். டர்ன்டேபிளுக்குப் பலகை தேடுகிறவரும் தட்டிப் பார்ப்பார், ஆனால் "டொக்" என்று செத்த சத்தம் வந்தால்தான் அவருக்குத் திருப்தி. ரெக்கார்டின் பள்ளத்தில் முள் படிப்பது கண்ணுக்குத் தெரியாத அசைவுகளை. பலகை அதிர்ந்தால் அதையும் சேர்த்துப் படித்துவிடும். ஸ்பீக்கரிலிருந்து, தரையிலிருந்து, மோட்டாரிலிருந்து வரும் அதிர்வு எதற்கும் பலகை பதில் சொல்லக்கூடாது. பாடகர் பாடியதோடு மரமும் பாடினால் அது தப்பு.

பட்டறைக்கு எந்த டர்ன்டேபிள் வந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். மோட்டாரை அணைத்து, நின்றுகொண்டிருக்கும் ரெக்கார்டின் மேல் முள்ளை இறக்கி, ஆம்ப்ளிஃபயர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, அடிப்பலகையை விரல் கணுவால் மெல்லத் தட்டுவேன். ஸ்பீக்கரில் "தம்" என்று நீளமாக வந்தால் பலகை பேசுகிறது. சுருக்கமாக, மங்கலாக வந்தால் நல்லது. கடையில் கேட்டால் செய்து காட்டுவார்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

பிரிசிஷன்டெக் இந்தச் சோதனையில் தேறாது என்று நான் சொல்லவில்லை. தட்டு கனமானது, அடியில் இருக்கும் கால்களும் அதிர்வை விழுங்குவதற்கென்றே செய்தவை. நான் சொல்வதெல்லாம், அந்தப் பெருமை மோஃபைக்குப் போகவேண்டும் என்பதுதான். சாதாரண அல்ட்ராடெக்கைவிட நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது மரத்துக்கும் பூச்சுக்கும் பெயருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் வீட்டு ஹாலில் வைக்கிற பொருள் பார்க்க லட்சணமாக இருக்கவேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான்.

அந்த ஆஷ் மரத்தில்தான் எனக்குச் சின்ன உறுத்தல். அமெரிக்காவில் அந்த மரங்களை ஒரு பச்சை வண்டு குடைந்து தீர்க்கிறது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் வெள்ளம் வேறு. மரம் கிடைப்பதே கஷ்டம் என்று, பெரும்பாலான கிட்டார்களிலிருந்து ஆஷை எடுத்துவிடப் போவதாக 2020-இல் ஃபெண்டரே அறிவித்தது. கிட்டாருக்கே பஞ்சமான மரத்தை, ஒலிக்கவே கூடாத ஒரு பொருளுக்குப் போடுவானேன்?

உங்கள் மகனுக்கு ஒரு ஆறுதல். இரண்டுக்கும் உண்மையான உறவு ஒன்று உண்டு, ஆனால் அது மரத்தில் இல்லை. அவருடைய கிட்டாரின் பிக்அப்பில் காந்தத்தின் மேல் கம்பி அதிர்கிறது, பக்கத்தில் சுற்றியிருக்கும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ரெக்கார்ட் முள்ளின் மறுமுனையில் குட்டிக் காந்தம் ஒன்று ஆடுகிறது, அங்கேயும் சுருளில் மின்சாரம். தத்துவம் ஒன்றேதான். முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதனால்தான் அதற்குத் தனியாக ஃபோனோ ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருக்கிறது. பட்ஜெட் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: அப்படியானால் வாத்தியக் கம்பெனிகள் போடுவதெல்லாம் வெறும் ஸ்டிக்கர்தானா?
- வாசகி, திருச்சி

ப: இல்லவே இல்லை. யமஹாவை அந்தக் கணக்கில் சேர்த்தால் பாவம்.

டொராகுசு யமஹா 1887-இல் ஜப்பானின் ஹமாமட்சுவில் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கனைப் பழுது பார்த்ததில் தொடங்கியது அந்தக் கம்பெனி. அவர்கள் முத்திரையில் இருப்பது மூன்று சுருதிக் கவைகள். 1922-லேயே கையால் சாவி கொடுக்கும் கிராமஃபோன் செய்தவர்கள். 1982-இல் வந்த ஜிடி-2000 டர்ன்டேபிளை இன்றும் தேடி அலைகிறார்கள். அதன் வாரிசாக வந்த ஜிடி-5000 அமெரிக்காவில் அறிமுகமானபோது 7,999 டாலர், எடை 26.5 கிலோ. ஒற்றை ஆளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அதில் எனக்குப் பிடித்தது முள் தாங்கும் கை. மற்ற பெரும்பாலான டர்ன்டேபிள்களில் கையின் நுனி உள்பக்கமாகச் சற்று வளைந்திருக்கும், முள் பள்ளத்தின் திசையோடு ஒட்டிப் போவதற்காக. அந்த வளைவு முள்ளை உள்ளே இழுக்கும், அதைச் சமாளிக்க வெளியே இழுக்கும் ஏற்பாடு ஒன்று தேவைப்படும். யமஹா வளைவையே எடுத்துவிட்டது. கை நேர்க்கோடு, வெளியே இழுக்கும் ஏற்பாடும் கிடையாது. திசை கொஞ்சம் பிசகும், தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். சரியா தப்பா என்று சண்டை போடலாம், ஆனால் அது எஞ்சினியர்கள் மூளையைக் கசக்கி எடுத்த முடிவு. பளபளக்கும் கறுப்புப் பூச்சு பியானோவிலிருந்து வந்தது, அது உபரி.

ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கேட்கவேண்டிய கேள்வி: இதை யார் வடிவமைத்தார்கள், பழுதானால் யார் உதிரிபாகம் தருவார்கள்?

கே: இன்னொரு கிட்டார் கம்பெனியான கிப்ஸன் ஏன் இப்படி ஒன்று செய்யவில்லை?
- வாசகர், சென்னை

ப: செய்யப் போய்த்தான் சூடு பட்டார்கள். 2013-இல் ஜப்பானின் டியாக் கம்பெனியில் பெரும்பங்கை வாங்கினார்கள். டியாக் நல்ல டர்ன்டேபிள்கள் செய்கிற இடம். அடுத்த வருடம் ஃபிலிப்ஸின் ஆடியோ வியாபாரத்தையும் வாங்கினார்கள். கடன் ஏறி 2018 மே மாதம் திவால் மனு போட்டார்கள். கிட்டார் வியாபாரம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. ஃபெண்டர் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றதில் புத்திசாலித்தனம் இருக்கிறது.

கே: அமெரிக்காவில் இருக்கும் மகள் வரும்போது மோஃபை டர்ன்டேபிள் ஒன்று கொண்டுவருகிறாள். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும்தானே?
- வாசகர், மதுரை

ப: போதாது! அவசரமாகப் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 115 ஆக்கும். நொடிக்கு 50 என்ற நம்மூர் மின்சாரத்தின் அலைவைத் தொடாது. அங்கே அது 60. மோஃபை மாதிரி ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் உள்ள கருவிகளில் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த அலைவுதான். 60-க்கான கப்பியோடு (மோட்டாரில் பெல்ட்டைச் சுழற்றும் சின்னச் சக்கரம்) இங்கே ஓட்டினால் 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். 5 கட்டையில் பாடிய அம்மா 3 கட்டைக்கு இறங்கி, பாதித் தூக்கத்தில் பாடுவதுபோலக் கேட்கும். கருவியின் பின்புறச் சீட்டில் 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் 50-க்கான கப்பி கிடைக்குமா என்று கம்பெனியைக் கேட்டுவிட்டு விமானம் ஏறட்டும்.

கே: பிரிசிஷன்டெக்கை 1,000-இல் ஒன்று என்கிறார்கள். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால் விலை ஏறுமா?
- வாசகர், சேலம்

ப: விலை ஏறுமோ இல்லையோ, உள்ளே ரப்பர் பெல்ட்டுக்கு வயசு ஏறும். கார்ட்ரிட்ஜுக்குள் (கையின் நுனியில் முள் பொருத்திய சின்னக் கூடு) முள்ளைத் தாங்கும் ரப்பரும் இறுகும். பத்து வருடம் கழித்துப் பெட்டியைப் பிரிக்கும்போது புது பெல்ட் ஒன்று கையில் இருக்கட்டும்.