பழைய லேப்டாப்பில் ஓடும், செலவில்லாத ஃபேண்டசி (மாயாஜாலக் கதை) டர்ன் பேஸ்டு (முறை வைத்து மாறி மாறி ஆடும்) கேம் எது? ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள்?

என் பதில் ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’. ஒரு பைசா செலவில்லை. டேவிட் வைட் என்பவர் 2003-இல் தொடங்கியது. திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம்) என்பதால் தன்னார்வலர்கள் இன்னும் வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஆடலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எனக்கு இந்தக் கடைசி விஷயம் முக்கியம். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. மழை பிடித்தால் நெட் போய்விடும். ஒரே கணினியில் இரண்டு பேர் மாறி மாறி ஆடும் வசதியும் இருப்பதால், மார்த்தாண்டத்திலிருந்து சித்தி மகன் வந்தால் எங்களுக்கு இதுதான் வேலை. “ஆட்டம் கொள்ளாம் அண்ணே, ஆனா படம்தான் ரொம்பப் பழசா இருக்கு” என்பது அவன் கருத்து. அது உண்மைதான். பொம்மைகள் சிறியவை, அசைவும் குறைவு.

அதைவிட அதிகம் கேட்கும் குறை வேறு. நாகர்கோவில் நண்பன் ஒருவன், “லே மக்கா, இது கள்ளாட்டம்லே, அடிச்ச அடி ஒண்ணும் படல” என்று பாதியில் நிறுத்திவிட்டான். எல்லாம் அதிர்ஷ்டம் என்று சொல்லும் பலரை நானே பார்த்திருக்கிறேன். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. இந்த ஆட்டத்தில் அடி படுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடி வாங்குபவன் நிற்கும் இடம். புல்வெளியில் நிற்கும் சாதாரண மனித வீரன் மீது அடி பட 60% வாய்ப்பு. அவனே கோட்டைக்குள் நின்றால் 40%தான். மூன்று முறை குத்தும் ஈட்டிக்காரனின் மூன்று குத்தும் வீணாகும் வாய்ப்பு புல்வெளியில் 6.4%, கோட்டையில் 21.6%. அதாவது ஐந்தில் ஒருமுறைக்கும் மேல் வெறுங்கையோடு திரும்பத்தான் வேண்டும். அங்கே மந்திரவாதியை அனுப்ப வேண்டும். அவன் மந்திரத் தாக்குதலுக்கு எதிரி எங்கே நின்றாலும் 70%.

அப்புறம் பகல், இரவு. ஆறு டர்னில் ஒரு நாள் முடிகிறது. மனிதப் படை பகலில் 25% கூடுதலாக அடிக்கும், இரவில் 25% குறையும். ஓர்க்குகளுக்கு (ஆட்டத்தில் வரும் அரக்கர் இனம்) அப்படியே தலைகீழ். இருட்டியதும் பின்வாங்கி, கிராமங்களில் காயம் ஆற்றி (ஒரு டர்னுக்கு 8 உயிர்ப் புள்ளி ஏறும்), விடிந்ததும் திருப்பி அடிப்பது இருக்கிறதே, அந்தச் சுகத்துக்காகவே நான் இதை ஆடுகிறேன். எலும்புக்கூடுகளிடம் மட்டும் ஈட்டியோடு போகாதீர்கள், அடியின் வலு பாதிக்கு மேல் வீணாகும். கதாயுதம், நெருப்பு இரண்டும் நன்றாக வேலை செய்யும்.

எனக்கு உண்மையில் குறையாகப் படுவது கணினி எதிராளி. முன்பின் பார்க்காமல் பாய்ந்து வந்து மாட்டிக்கொள்கிறது. பழகிய பிறகு மனிதரோடு ஆடினால்தான் ருசி. குரல் நடிப்பு, சினிமா மாதிரி காட்சிகள் எதிர்பார்ப்பவர்களுக்கு இது சரிப்படாது. கதை முழுக்க எழுத்தில்தான் வரும்.

ஆட்டத்துக்குள் பல கதைத் தொடர்கள் உண்டு. தொடங்குவதற்கு ‘எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்’ நல்லது, சின்னக் கதை. அல்லது ‘தி சவுத் கார்ட்’. பலரும் நேராக ‘ஏர் டு த த்ரோன்’ திறந்து முதல் களத்திலேயே நொந்துபோகிறார்கள். அங்கே எதிரியை ஜெயிக்கச் சொல்லவே இல்லை. கான்ராட் என்ற இளவரசனை உயிரோடு தப்ப வைத்தால் போதும். எல்ஃப் (காட்டில் வாழும் மாய இனம்) வீரர்களைக் காட்டுக்குள் நிறுத்தி ஓர்க்குகளைத் தாமதப்படுத்திவிட்டு, அவனை வடமேற்கு மூலைக்கு ஓட்டிவிடுங்கள்.