பெரிய உடம்புக்காரர்களுக்கு இன்னுமோர் எடைப் பிரிவு வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. ஆறடி ஓர் அங்குல உயரம், 99 கிலோ எடை. மாநில அளவிலான குத்துச்சண்டைப் போட்டிகளில் மேல்வரம்பு இல்லாத கடைசி எடைப் பிரிவில் ஆடிவந்தவன், இப்போது தொழில்முறைப் போட்டிகளுக்குப் போக விரும்புகிறான். அங்கே 120 கிலோ ஆட்களோடும் மோத வேண்டியிருக்கும் என்பதால், இன்னும் 15 கிலோ ஏற்றப்போவதாகச் சொல்கிறான். ஐம்பது கிலோ ஆட்களுக்கு இரண்டு கிலோவுக்கு ஒரு பிரிவு வைத்திருப்பவர்கள், பெரிய உடம்புக்காரர்களை மட்டும் ஒரே பிரிவில் அடைப்பது என்ன நியாயம்? கூடுதலாக ஒரு பிரிவு வேண்டாமா?
- ஒரு தாய், சேலம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தங்கள் கணக்கு சரியானதுதான். ஆண்கள் தொழில்முறைக் குத்துச்சண்டையின் மிகச் சிறிய பிரிவு 47.6 கிலோவோடு முடிகிறது. அதற்கடுத்தது 49 கிலோவோடு முடிகிறது. இப்படி ஏறிக்கொண்டே போய், 90.7 கிலோவில் க்ரூஸர்வெயிட் என்ற பிரிவு முடிந்தவுடன் எல்லைக்கோடுகள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் வழக்கப்படி எல்லோரும் ஹெவிவெயிட்தான். 2024 மே மாதம் ரியாத்தில் ஒலெக்ஸாந்தர் உசிக்கும் டைசன் ஃபியூரியும் மோதியபோது உசிக் ஏறத்தாழ 101 கிலோ, ஃபியூரி ஏறத்தாழ 119 கிலோ. வேறு எந்தப் பிரிவிலும் இத்தகைய இடைவெளியை அனுமதிக்க மாட்டார்கள்.

தாங்கள் கேட்கும் பிரிவும் ஏற்கெனவே உருவாகியிருக்கிறது. உலகப் பட்டங்களை வழங்கும் அமைப்புகளில் ஒன்றான உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் 2020 நவம்பரில் ‘பிரிட்ஜர்வெயிட்’ என்ற பெயரில் 90.7 கிலோவுக்கும் 101.6 கிலோவுக்கும் இடைப்பட்டோருக்கு ஒரு பிரிவை அறிவித்தது. தங்கையை நாயின் தாக்குதலிலிருந்து காப்பாற்றிய ஆறு வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவனின் பெயரைத்தான் அதற்குச் சூட்டினார்கள். தங்கள் மகனின் இன்றைய எடை அதற்குள் அடங்கிவிடும். ஆனாலும் அந்தப் பிரிவு வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அடுத்த சில ஆண்டுகளில் அதற்கு நேர்ந்ததையும் அதன் விளைவையும் பார்த்த பிறகு அந்தக் கருத்து இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது.

அதன் முதல் சாம்பியனாக 2021 அக்டோபரில் ஆஸ்கர் ரிவாஸ் வந்தார். 2023 ஏப்ரலில் லூகாஸ் ரோஸான்ஸ்கி முதல் ரவுண்டிலேயே வென்று அந்தப் பட்டத்தைப் பெற்றார். 2024 மே மாதத்தில், சொந்த ஊரிலேயே, முதல் ரவுண்டிலேயே லாரன்ஸ் ஒகோலியிடம் அதை இழந்தார். ஒகோலியோ அதே ஆண்டு டிசம்பரில் ஹெவிவெயிட்டில் இறங்கிவிட்டார். பணமும் பெயரும் ஹெவிவெயிட்டில் இருக்கும்வரை, திறமையுள்ள எவரும் இந்தப் பிரிவைப் பேருந்து நிறுத்தம்போலத்தான் பயன்படுத்துவார்கள். தங்கிப் போராடுவோர் இல்லாத பிரிவில் பட்டம் இருக்கும். அதற்கு மதிப்பு இருக்காது.

இதைவிட முக்கியமான காரணம் உடம்பு சார்ந்தது. அதை ஒரு தாயிடம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கீழ்ப் பிரிவுகளில் ஆடுவோர் போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்க்கும் வேளைக்குள் வரம்புக்குள் வருவதற்காக உடம்பிலுள்ள நீரை வற்றவைக்கிறார்கள்; தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார்கள், கனத்த உடைகளைப் போட்டுக்கொண்டு வியர்க்க ஓடுகிறார்கள், பிறகு ஓர் இரவுக்குள் இழந்ததைத் திரும்ப ஏற்றப் பார்க்கிறார்கள். நீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது மூளைக்கு ஆபத்தானது என்று மருத்துவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறார்கள். இந்தக் கொடுமையிலிருந்து முழுவதும் தப்பித்த ஒரே பிரிவு ஹெவிவெயிட். மேல்வரம்பு இல்லாததால் அவர்கள் எடைத்தட்டில் ஏறுவது வெறும் பதிவுக்காகத்தான். அங்கே 101.6 கிலோ என்று ஒரு கோடு கிழித்தால், 108 கிலோ ஆள் ஒருவர் சிறியவர்களோடு மோதும் ஆசையில் தன்னை வற்றவைக்கத் தொடங்குவார். பாதுகாப்புக்காகக் கொண்டுவரும் பிரிவே, இதுவரை இல்லாத ஆபத்தை அங்கே கொண்டுவந்து சேர்க்கும்.

பெரிய உடம்பு ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ 124 கிலோ எடையோடு வந்த ஃபியூரி, 105 கிலோ டியோன்டே வைல்டரைக் கட்டிப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அவர் மேல் சாய்த்து, கால்களைச் சோரவைத்து, ஏழாவது ரவுண்டில் வென்றார். எடையையே ஆயுதமாக்கியதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஆனால் அதே ஃபியூரியை உசிக் 2024இல் இரண்டு முறை புள்ளிகளில் வென்றார். இரண்டாவது முறை எடை வித்தியாசம் ஏறத்தாழ 25 கிலோ. 2009இல் நியூரம்பெர்க்கில் 98 கிலோ டேவிட் ஹேய், ஏழடி உயரமும் 143 கிலோ எடையும் கொண்ட நிக்கோலாய் வலூயெவைச் சுற்றிச் சுற்றி வந்து ஆடி உலகப் பட்டத்தைப் பறித்தார். தொண்ணூறு கிலோவைத் தாண்டிய எவருடைய குத்தும் எவரையும் சாய்த்துவிடும். அதன் பிறகு ஏறும் ஒவ்வொரு கிலோவும் குத்துக்குச் சேர்க்கும் பலத்தைவிட, கால்களிலும் மூச்சிலும் பறிக்கும் பலம் அதிகமாகிவிடுவதை அடிக்கடி காண்கிறோம். 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வென்ற முகமது அலியின் எடை ஏறத்தாழ 98 கிலோதான். புதிய கோடு அன்றே இருந்திருந்தால் அலியும், ரியாத்தின் முதல் போட்டியில் உசிக்கும் ஹெவிவெயிட் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள். அந்த ஆட்டங்களை இழக்க என் மனம் ஒப்பவில்லை.

தங்களுடைய கவலையின் நியாயமான பகுதி தொடக்கநிலை ஆட்டக்காரர்களைப் பற்றியது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அமெச்சூர் போட்டியில் குலுக்கலில் யார் வருகிறாரோ அவரோடு மோதியாக வேண்டும். தொழில்முறையில் எதிராளி யாரென்பது ஒப்பந்தத்தில் முடிவாகிறது, மறுக்கவும் முடியும். ஆகவே, முதல் சில போட்டிகளில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் எடை வித்தியாசமுள்ள போட்டியை உரிமம் வழங்கும் அமைப்புகளே அனுமதிக்கக் கூடாது என்று விதி செய்யலாம். இதற்குப் புதிய பட்டமோ புதிய பெல்ட்டோ தேவையில்லை.

மகன் 15 கிலோ ஏற்றுவதைத் தடுத்துவிடுங்கள். அவசரமாகத் தின்று ஏற்றும் எடை பெரும்பாலும் கொழுப்பாகத்தான் சேரும்; அதைச் சுமந்துகொண்டு ஆடுபவர் மூன்றாவது ரவுண்டில் கைகளை இறக்கிவிடுவார், அடி அப்போதுதான் விழும். எட்டரைக் கிலோ இறக்கி க்ரூஸர்வெயிட்டில் நுழைவது தங்கள் மகனுக்குப் பொருந்தலாம். ஆனால் அது பல மாதங்களில், உணவாலும் பயிற்சியாலும் இறங்கி, சாதாரண நாளிலும் அந்த எடையிலேயே நிற்பதாக இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் தண்ணீரை நிறுத்தித்தான் அங்கே போக முடியும் என்றால், 99 கிலோவிலேயே ஹெவிவெயிட்டில் ஆடட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எதிராளியின் எடையையும் அவர் எத்தனை போட்டி ஆடியவர் என்பதையும் பயிற்சியாளரிடம் தாங்களே நேரில் கேளுங்கள்; மூளை ஸ்கேனும் கண் பரிசோதனையும் முடிந்த பிறகே முதல் போட்டிக்குத் தேதி குறிக்கச் சொல்லுங்கள்.