வீட்டுக்கு ஜியோதெர்மல் ஹீட்டிங் போட நல்ல ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஜன்னலை அளக்காமல் விலை சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

நீங்கள் அமெரிக்காவில் குளிர்ப் பகுதியில், கேஸ் லைன் வராத இடத்தில் வீடு வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெற்கு மிச்சிகனில் எங்கள் வீடும் அப்படித்தான். குளிர்காலம் வந்தால் புரோபேனுக்கே சம்பளம் கரையும். வெளியே எல்லாம் உறைந்து கிடந்தாலும் இங்கே ஆழத்தில் மண் சுமார் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கும். அந்தச் சூட்டைக் குழாய் வழியே எடுத்து, ஹீட் பம்ப் என்ற மெஷினால் கூட்டி வீட்டுக்குள் விடுவதுதான் இந்த முறை. கோடையில் அப்படியே தலைகீழ்.

கொட்டேஷன் கொடுக்க வந்தவர்கள் எத்தனை சதுர அடி என்று கேட்டார்கள், பேஸ்மென்டில் பழைய ஃபர்னஸ் ஸ்டிக்கரைப் பார்த்தார்கள், '5 டன்' என்று மெஷினின் திறனை எழுதிவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவர் மட்டும் ஏணி கேட்டார். மேலே ஏறி இன்சுலேஷனுக்குள் டேப்பைக் குத்தி எத்தனை அங்குலம் என்று பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலும் எந்தத் திசை, ஒற்றைக் கண்ணாடியா இரட்டையா என்று குறித்துக்கொண்டார். பிறகு வீட்டுக்கு எவ்வளவு சூடும் குளிர்ச்சியும் தேவை என்று கணக்கிடும் 'மேனுவல் ஜே' முறைப்படி அறை அறையாகக் கணக்குப் போட்டு அனுப்பினார்: 4 டன் போதும். குழாயை இறக்க ஒரு டன்னுக்கு உத்தேசமாக 150 முதல் 200 அடி போர் போட வேண்டும். குறைந்த அந்த ஒரு டன்னே பெரிய பணம்.

'பெரிய மெஷின் இருந்தால் நல்லதுதானே' என்பார்கள். நல்லதில்லை. அடிக்கடி நின்று நின்று ஓடும், கோடையில் ஈரப்பதம் சரியாக இறங்காது. மண்ணுக்குள் போகும் குழாயின், அதாவது லூப்பின், நீளம் குறைந்தாலோ இன்னும் மோசம். ஜனவரியில் மண்ணின் சூடு பத்தாமல் எலெக்ட்ரிக் ஹீட்டர் ஓட ஆரம்பித்து கரண்ட் பில் எகிறும்.

போர் போடுவது யார் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் வெளி ஆள்தான், அதில் தப்பில்லை. லூப் ஒழுகினால் யார் பொறுப்பு என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் குழாயை இறக்கித் தண்ணீர் நிரப்பி பிரஷர் ஏற்றி, கேஜ் முள் இறங்காமல் நிற்பதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பிறகே துளைக்குள் அடியிலிருந்து மேலாக பென்டோனைட் என்ற களிமண் குழம்பை நிரப்பினார்கள். இந்தத் துறையின் சர்வதேச சங்கமான ஐ.ஜி.எஸ்.எச்.பி.ஏ. தரும் சான்றிதழையும் பாருங்கள். ஆனால் சான்றிதழ் வைத்திருப்பவரும் ஏணியில் ஏற வேண்டும்.

புல்தரை சேறாகும், தயாராக இருங்கள். எங்கள் குடியிருப்போர் சங்கம் அந்தச் சேற்றுக்கு நோட்டீஸ் அனுப்பியது. தெருவிளக்கு எரியவில்லை என்று நான் எழுதிய கடிதத்துக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை! மாதச் சந்தா வாங்குகிறார்கள், கேட்டால் விதிப்புத்தகத்தை நீட்டுகிறார்கள்.

இவருக்குக் கமிஷன் வருகிறதோ என்று கேட்க வருபவர்களுக்கு: அதற்காகத்தான் எந்தக் கம்பெனி பெயரும் சொல்லவில்லை. கேஸ் லைன் இருப்பவர்களுக்குப் போட்ட காசு திரும்ப ரொம்ப வருஷம் ஆகும், அதையும் நான் மறுக்கவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. வீட்டு உரிமையாளர்களுக்கான 30% மத்திய வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. புதிதாகப் போடுவதற்கு அதைக் கழித்து யாராவது விலை காட்டினால், அந்தக் கொட்டேஷனில் மற்ற எண்களையும் நம்பாதீர்கள்.