இஸ்ரேல், பாலஸ்தீனம்: சமாதானத்துக்கு வழி இருக்கிறதா?

இரு நாட்டுத் தீர்வு முடிந்துபோன கதை என்கிறார்களே?

முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இஸ்ரேலுக்குப் பக்கத்தில் தனிப் பாலஸ்தீன நாடு அமைய வேண்டிய நிலம் கண்ணெதிரே கரைகிறது. 1993இல் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத் தலைமைக்கும் இடையே ஆஸ்லோ உடன்பாடு கையெழுத்தானபோது, 1967 போரில் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையில், கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, இருந்த யூதக் குடியேறிகள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். இன்று 5 லட்சத்துக்கும் மேல். கிழக்கு ஜெருசலேமை ஒட்டிய 'ஈ-1' பகுதியில் வீடுகள் கட்ட 2025 ஆகஸ்டில் இஸ்ரேல் ஒப்புதல் கொடுத்தது. அது கட்டப்பட்டால் பாலஸ்தீன நகரங்களான ரமல்லாவுக்கும் பெத்லகேமுக்கும் இடையிலான தொடர்ச்சி அறுந்துவிடும். எந்தப் பேச்சுவார்த்தைக்கும் முன்னால் நிறுத்தப்பட வேண்டியது இந்தக் கட்டுமானம்தான்.

உண்மையிலேயே நெருங்கி வந்த சமயம் எது?

2008 செப்டம்பர். இஸ்ரேல் பிரதமர் எஹுத் ஓல்மர்ட், பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் முன் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். மேற்குக் கரையில் ஏறத்தாழ 6 சதவீதத்தை இஸ்ரேல் எடுத்துக்கொள்ளும். பதிலுக்கு அதற்குச் சற்றுக் குறைவான நிலத்தைத் தன் பக்கத்திலிருந்து கொடுக்கும். காசாவையும் மேற்குக் கரையையும் இணைக்க ஒரு பாதை. ஜெருசலேம் பழைய நகரின் புனிதத் தலங்களுக்கு ஐந்து நாடுகளின் பொறுப்பு. கையெழுத்துப் போடாமல் வரைபடத்தின் பிரதி கிடையாது என்றார் ஓல்மர்ட். அப்பாஸ் திரும்பிப் போய், நினைவிலிருந்து அதைத் தாளில் வரைந்து வைத்தார்.

அதற்குள் ஊழல் விசாரணையால் ஓல்மர்ட் பதவி விலகும் நிலையில் இருந்தார். டிசம்பரில் காசாவில் போர் மூண்டது. 2001 ஜனவரியில் எகிப்தின் தாபாவில் நடந்த பேச்சுக்கும் இதே கதிதான்: பேச்சு முடிந்த சில நாட்களில் இஸ்ரேலில் தேர்தல், அதைத் தொடர விரும்பாத ஏரியல் ஷரோன் வெற்றி. எல்லைக்கோட்டில் இருந்த வித்தியாசம் பேசித் தீர்க்கக்கூடியது. அதைப் பேசி முடிக்கும் வரை பதவியில் நீடிக்கும் தலைவர்கள்தான் அமையவில்லை.

எல்லோருக்கும் ஓட்டுரிமையோடு ஒரே நாடாக இருந்துவிட்டால்?

நியாயப்படி பார்த்தால் மறுக்க முடியாத யோசனை. ஆனால் ஜோர்டான் நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே யூதர்கள் சுமார் 70 லட்சம், பாலஸ்தீனர்களும் கிட்டத்தட்ட அவ்வளவே. தனக்கென்று ஒரு அரசு வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க இரு தரப்பிலும் பெரும்பாலோர் தயாரில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது கூட்டமைப்பு யோசனை. இரண்டு நாடுகள், திறந்த எல்லை. குடியேறி பாலஸ்தீனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அங்கேயே வசிக்கலாம், ஓட்டு மட்டும் இஸ்ரேலில். அகதியாகப் போன குடும்பமும் இஸ்ரேலுக்குள் அதேபோல் வசிக்கலாம், ஓட்டு பாலஸ்தீனத்தில். யாரையும் பெரிய அளவில் பெயர்க்க வேண்டியதில்லை. சரி, காவல்துறை யார் கையில்? அங்கேதான் இந்த யோசனை இன்னும் திணறுகிறது.

ஹமாஸ் இருக்கும்போது யாரோடு பேசுவது?

காசாவை ஆண்ட ஆயுத இயக்கமான ஹமாஸ் 2023 அக்டோபர் 7இல் இஸ்ரேலுக்குள் நடத்திய படுகொலைக்குப் பிறகு இஸ்ரேலியர்கள் இதைக் கேட்பது இயல்பு. காசாவின் இடிபாடுகளில் பல்லாயிரம் பேரைப் பறிகொடுத்தவர்களும் இதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார்கள். ஆயுதங்களைக் களைய வேண்டும், சந்தேகமில்லை. கூடவே தேர்தலும் வேண்டும். அப்பாஸ் 2005இல் நான்காண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நாடாளுமன்றத் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பாத ஒருவர் போடும் கையெழுத்தை அந்த மக்கள் ஏன் மதிக்க வேண்டும்?

அரபு நாடுகள் என்ன செய்ய முடியும்?

2002இல் பெய்ரூட்டில் அவர்கள் இஸ்ரேலுக்கு முன்வைத்த திட்டம் இன்னும் மேஜையில் இருக்கிறது: 1967 போருக்கு முந்தைய எல்லைக்குத் திரும்பு, அகதிகள் பிரச்சினைக்கு நியாயமான தீர்வு காண், எல்லோரும் உறவு கொள்கிறோம். 2020இல் அமீரகமும் பஹ்ரைனும் அந்த நிபந்தனை இல்லாமலே உறவு கொண்டாடின. சவூதி அரேபியா இன்னும் அப்படிச் செய்யவில்லை. பாலஸ்தீன அரசுக்கு உறுதியான, தேதி குறித்த வழி கிடைக்கும்வரை சவூதி விட்டுக்கொடுக்கக் கூடாது.